பெறுபேற்றின்படி ஐந்து அதிகாரிகள்

1984 இளவேனிலில் இருந்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், ஒரு விடுதலைப் படைக்கு ஆயுதம் தேடுவதும் அதிகாரிகளைத் தெரிவதும் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலையாக இருந்தது. படை தமிழ்நாட்டில், சவுக்குத் தோப்புக்குள் அடித்த கொட்டில்களில் இருந்தது. நாங்கள் கிழக்கு லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில், ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே போட்ட மேசையைச் சுற்றி இருந்தோம். இயக்கத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் இங்கே எழுதப்போவதில்லை. சிலருடைய தாய்மார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். திகதிகள் எல்லாம் என் நாட்குறிப்புகளில் உள்ளன. மாதமும் ஆண்டும் சொன்னால் இந்தக் கதைக்குப் போதும்.

குழுவில் மூன்று பேர். மாஸ்டர் தலைவர். ஊரில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தவர். லண்டனில் நிலக்கீழ் ரயில் நிலையம் ஒன்றில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பயணச்சீட்டுக் கொடுத்தார். இரண்டாமவர் கடைக்கார அண்ணை. மாடி அவருடையது, தேத்தண்ணியும் அவருடையது. நான் செயலாளர். ஹவுன்ஸ்லோவில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தேன், வீடு தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில். எனக்குத் திகதி பிழைக்காது, கையெழுத்துத் தெளிவு, நூலகத்தில் இருந்து தடித்த புத்தகங்களைக் காவிக்கொண்டு திரிகிறவன் என்பதால் அந்தப் பதவி வந்தது.

எங்களிடம் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்றில் 'ஆயுதம்' என்றும் மற்றதில் 'ஆட்கள்' என்றும் நான் எழுதியிருந்தேன்.

ஆயுதக் கோப்பு மெல்லியது. ஐரோப்பாவில் ஒரு துறைமுகப் பட்டினத்தில் மாஸ்டருக்கு ஒருவரைத் தெரியும். அந்த ஒருவருக்கு இன்னொருவரைத் தெரியும். மாதம் ஒரு கடிதம் வரும். சாமான் தயார், கப்பல் அடுத்த மாதம் என்று அதில் இருக்கும். அதை நம்பி நாங்களும் முகாமுக்கு அடுத்த மாதம் என்று எழுதுவோம். முகாமில் அதை அணிவகுப்பில் வாசித்துக் காட்டுவார்களாம். உண்மையில் லண்டனில் இருந்து நாங்கள் அனுப்பியவை தொலைநோக்கிகள், திசைகாட்டிகள், சில வோக்கிடோக்கிகள், பழைய இராணுவச் சாமான் விற்கும் கடையில் வாங்கிய சப்பாத்துகள். சப்பாத்துகள் எல்லாம் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் அளவு. 'சப்பாத்து வந்து சேர்ந்தது. போடக்கூடிய கால்தான் இங்கே இல்லை' என்று முகாமில் இருந்து பதில் வந்தது. கடைக்கார அண்ணை அதை ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

1984 செப்டெம்பரில் ஆட்கள் கோப்புக்கு வேலை வந்தது. முகாமில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்துவிட்டார்கள், அவர்களை நடத்த ஆள் இல்லை, லண்டனில் இருந்து அதிகாரித் தரத்தில் ஐந்து பேரைத் தெரிந்து அனுப்புங்கள் என்று தலைமை எழுதியது. அந்த ஐந்து பேருக்குக் கீழ் எத்தனை பேரும் போகலாம்.

அதிகாரியை எப்படித் தெரிவது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் யாழ்ப்பாணத்தார் மூன்று பேர் மேசையில் இருந்து ஆள் தெரிந்தால் எந்த அளவுகோல் வரும்? டொக்டரையும் எஞ்சினியரையும் மாப்பிள்ளையையும் எதைக்கொண்டு தெரிந்தோமோ அதுதான் வந்தது. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு. போக விரும்புகிறவர்கள் சான்றிதழின் பிரதியோடு வரவேண்டும் என்று மாஸ்டர் சொன்னார். ஏ சித்திக்கு நான்கு புள்ளி, பி சித்திக்கு மூன்று என்று இறங்கியது. பிரயோக கணிதத்துக்கு மட்டும் இரட்டிப்பு. நான் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி அட்டவணை தயாரித்தேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரை விட்டு ஓடி வந்தவர்கள்; ஒருவராவது சான்றிதழை விட்டுவிட்டு வந்திருக்கவில்லை என்பதைப் பார்த்து நாங்கள் பெருமைப்பட்டோம்.

அந்த நாட்களில் நான் வேறு நாட்டுப் புரட்சிகளின் வரலாறுகளைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். வண்டி ஓட்டியவர்களும் சுரங்கத்தில் வேலை செய்தவர்களும் படை நடத்தியதாக அவற்றில் படித்து, கோடிட்டு, பக்க எண்ணும் குறித்து வைத்திருந்தேன். அட்டவணைக்குக் கோடு கீறியபோது அந்தப் பக்கங்கள் என் நினைவுக்கு வந்தன. சொல்லவில்லை. புத்தகத்தில் படித்தது வேறு, எங்கள் பிள்ளைகள் வேறு என்று நினைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது ஞாயிறு மன்னார்க்காரர் ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மீன் சந்தையில் பெட்டி ஏற்றுகிற வேலை. காலையில் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட்டோடு அப்படியே வந்திருந்தார். கையில் காகிதம் எதுவும் இல்லை.

உயர்தரம் எடுத்தீரா என்று மாஸ்டர் கேட்டார். சாதாரண தரத்தோடு கடலுக்குப் போய்விட்டதாக அவர் சொன்னார். கணிதம்? எஃப். நான் அட்டவணையில் பூச்சியம் போட்டேன். போட்டுவிட்டு, ஏதோ ஒரு கூச்சத்தில், கடலில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"வள்ளம் விட்டனான். அங்கால, இந்தியாக் கரைக்குப் போற சனத்தை ஏத்திக்கொண்டு போறது. இருபது, இருபத்தஞ்சு பேர் இருப்பினம்."

"நேவி கண்டா?"

"கண்டா ஓடவேண்டியதுதான். அதுக்குள்ள தண்ணியும் இறைக்கோணும். அழுகிற ஆளைத்தான் முதல்ல இறைக்க விடுவன். கை வேலை செய்தா வாய் நிண்டிடும்."

கடைக்கார அண்ணை தலையை ஆட்டி ரசித்தார். மாஸ்டர் அதை அனுபவம் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் இங்கே கேட்பது தகைமை என்றார்.

"அப்ப ஆமிக்காரன் கேள்வித்தாளோடயோ வாறவன், மாஸ்டர்?"

மாஸ்டர் கோபிக்கவில்லை. வகுப்பில் பின் வாங்கில் இருந்து வந்த கேள்விக்குப் பதில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "மோட்டார்க் குண்டு போற பாதை பரவளைவு. எறியக் கணக்குப் படிச்சவன் கடுதாசியில போட்டுப் பாத்து எங்க விழும் எண்டு சொல்லுவான். படிக்காதவன் கையால ஏந்திப் பாக்கிறதே?"

மன்னார்க்காரரே முதலில் சிரித்தார். அதிகாரியாக இல்லாவிட்டால் காரியமில்லை, ஆளாகப் போகிறேன், என்னை எழுதுங்கோ என்றார். 'சாதாரண உறுப்பினர்' என்று எழுதினேன்.

மூன்றாவது ஞாயிறுக்கு என் மனைவியின் தம்பியின் பெயர் இருந்தது.

அவன் பேராதனையில் பொறியியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது எண்பத்து மூன்று யூலைக் கலவரம் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் லண்டனுக்கு வந்து எங்கள் பின்னறையில் இருந்தான். மூன்று ஏ, ஒரு பி. பிரயோக கணிதம் ஏ. பெற்றோல் நிலையம் ஒன்றில் வேலை. சில மாதங்களிலேயே அவனை ஷிப்ட் பொறுப்பாளன் ஆக்கினார்கள். கணக்கு அவ்வளவு சுத்தம். ஆனால் அவனுக்கு யாரிடமும் ஒரு வேலையைச் சொல்ல வராது. முற்றம் கூட்டவேண்டும் என்றால், அவனுக்குக் கீழே வேலை செய்யும் இரண்டு பெடியள் கதைத்துக்கொண்டு நிற்க, பொறுப்பாளன் தும்புத்தடியைக் கொண்டுபோய்த் தானே கூட்டுவான். பிறருடைய ஷிப்டை எல்லாம் அவனே செய்வான். யார் எதைக் கேட்டாலும் ஓம் என்பான். கோயில் தேரன்று மாஸ்டர் கண்டு, நீரும் வாரும் என்றிருக்கிறார். ஓம் மாஸ்டர் என்றிருக்கிறான்.

அதற்கு முதல் நாள், சனிக்கிழமை காலை, மனைவி மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமல் சொன்னாள்.

"நாளைக்கு அவனைப் பற்றிக் கேப்பினம். அவனுக்கு ஏலாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

அவனுக்கு விருப்பமில்லை என்றால் அவனே சொல்லலாமே என்றேன்.

"அவன் எப்ப ஆருக்கு ஏலாது எண்டு சொன்னவன்? உங்களுக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியும். ஆனால் அதற்குள் நான் நான்கு பேரை அதிகாரிகள் என்று எழுதிவிட்டேன். நான்கும் ஊரார் பிள்ளைகள். அவர்களுடைய தமக்கையரும் எங்கேயோ ஓர் அடுக்களையில் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். ஐந்தாவது இடத்தில் என் மச்சான் வரும்போது அவனுக்கு ஏலாது என்று நான் சொன்னால், அந்தக் காகிதத்தில் வேறு எதற்கு மதிப்பு இருக்கும்? இதை நான் மனைவிக்கு விளக்கினேன். நியாயமாக, ஒழுங்காக, கூட்டத்தில் பேசுவதுபோல விளக்கினேன். அவள் வெட்டிய மரக்கறியைச் சட்டியில் போட்டுக் கழுவினாள்.

ஞாயிறு பின்னேரம் அவனும் நானும் வீட்டில் இருந்து ஒன்றாகத்தான் போனோம். பஸ்ஸில் டூட்டிங் வரை, பிறகு நிலக்கீழ் ரயில். வழியில் அவன் என்னிடம் தொழிற்சாலையைப் பற்றிக் கேட்டான், ஒரு தட்டுக்கு எத்தனை சாமான் வைப்பார்கள் என்று கேட்டான். மாடியில் மாஸ்டர் அவனுடைய சான்றிதழை வாங்கி, பார்க்கத் தேவையில்லாத அளவு நேரம் பார்த்தார். அதிலே அவருக்கு ஓர் இன்பம். பிறகு மேசைக்குக் குறுக்கே என்னைப் பார்த்தார்.

"இவர் உம்மட மச்சான். உம்மட வீட்டில இருக்கிறவர். எங்களைவிட உமக்குத்தான் தெரியும். சொல்ல ஏதும் இருக்கோ?"

அவன் எனக்கு நேரே இருந்தான். கைகளை மடியில் வைத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எப்போதும் அப்படித்தான் பார்ப்பான் என்று அப்போது நினைத்தேன்.

"ஒண்டும் இல்லை, மாஸ்டர்," என்றேன்.

அட்டவணையில் அவன் முதலாவது வந்தான்.

1985 ஜனவரியில் போனார்கள். ஐந்து அதிகாரிகளும் மன்னார்க்காரரும் இன்னும் மூன்று பேரும், வேறு வேறு நாளில், வேறு வேறு விமானத்தில். அவன் போன நாளில் எனக்குப் பகல் ஷிப்ட். என் நேர்மையை நினைத்து அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை நாட்குறிப்பில் எழுதியும் இருக்கிறேன், நான்கு வரி.

அவனுடைய கடிதங்கள் முதலில் மாதத்துக்கு இரண்டு வந்தன. துவக்குகள் இன்னும் வரவில்லை, சவுக்கு மரத்தில் துவக்கு வெட்டிப் பயிற்சி நடக்கிறது என்று எழுதினான். மன்னார் அண்ணைதான் தண்ணீருக்கும் சமையலுக்கும் ஆள் பிரித்து விடுகிறார், அவர் சொன்னால் எல்லாரும் கேட்கிறார்கள் என்று எழுதினான். கோடையில் ஒரு கடிதத்தில், லண்டன் கடிதத்தை அணிவகுப்பில் தானே வாசிக்க வேண்டியிருப்பதாகவும், 'அடுத்த மாதம்' என்ற இடம் வரும்போது பின்வரிசையில் ஆட்கள் இருமுகிறார்கள் என்றும் இருந்தது. நாங்கள் அப்போதும் அடுத்த மாதம் என்றுதான் எழுதிக்கொண்டிருந்தோம். துறைமுகப் பட்டினத்தில் இருந்து கடிதம் வருவது நின்று சில மாதங்களாகிவிட்டிருந்தது. அதைச் சொன்னால் முகாம் கலைந்துவிடும் என்றார் மாஸ்டர். கடிதத்தின் வாசகத்தைத் திருத்தி எழுதியவன் நான்.

1986 பெப்ரவரியில் செயலாளர் என்ற முறையில் எனக்கு ஓர் உத்தியோகபூர்வ அறிக்கை வந்தது. ஆயுதம் எப்போது வரும் என்று திரும்பத் திரும்பக் கேட்டு முகாமில் குழப்பம் விளைவித்த உறுப்பினர் ஒருவர், விசாரணையின் பின், தலைமையின் கட்டளைப்படி, மரண தண்டனைக்கு உட்படுத்தப்பட்டார். மன்னார்க்காரரின் பெயர். திகதி, நேரம். 'நிறைவேற்றிய அதிகாரி' என்ற இடத்தில் என் மனைவியின் தம்பியின் கையெழுத்து, அவனுடைய கடிதங்களில் இருந்த அதே கையெழுத்து, ஓர் எழுத்துக்கூட நடுங்காமல்.

நான் அதை வீட்டு மேசையில் வைத்து வாசித்தேன். மனைவி பின்னால் வந்து நின்றதை அறியவில்லை. உரக்க அழுவாள் என்று நினைத்தேன். அவள் கதிரையை இழுத்து எனக்கு எதிரே இருந்து, தாளைத் தன் பக்கம் திருப்பி, முதலில் இருந்து கடைசிவரை வாசித்தாள். மடித்து என் பக்கம் தள்ளினாள். அவன் சாவான் என்றுதான் தான் பயந்திருந்ததாகச் சொன்னாள்.

ஞாயிறன்று மாடிக்கு, மாஸ்டரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டு வாசித்தார். கடைசியில், "அறிக்கை ஒழுங்கா எழுதியிருக்கிறான்," என்றார். தாளைத் திருப்பித் தர மறந்து கையிலேயே வைத்திருந்தார். அந்த மனிதருக்கு வேறு எதைப் பார்க்கத் தெரியும், எனக்கும்தான் வேறு என்ன தெரியும் என்று அப்போது தோன்றியது.

கடைக்கார அண்ணை கீழே போய்விட்டார். மன்னார்க்காரருக்கு லண்டனில் உறவினர் இல்லை. ஆனால் அவருடைய கோயிலில் விசாரித்தார்கள். கடலில் காணாமற் போய்விட்டார் என்று சொல்வதாக முடிவு செய்தோம். அந்தச் செய்தியை எழுதியதும் நான்தான். 'கடலில் நன்கு பழகியவர் என்றாலும்' என்று ஒரு சொற்றொடர் சேர்த்தேன், நம்பும்படி இருக்கட்டும் என்று. பூசைக்குப் போய்க் கடைசி வாங்கில் இருந்தேன். பாதிரியார் அந்தச் சொற்றொடரை அப்படியே வாசித்தார். முன்னால் இருந்த பெண்கள் இருவர், அவருடைய வள்ளத்தில் கடல் கடந்தவர்களாம், விம்மி விம்மி அழுதார்கள். அவர் எப்படிக் கடலில் தாழ்வார் என்று ஒருத்தி மற்றவளிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் முகாம் கலைந்தது. ஒரு துவக்கும் வரவில்லை. குழுவை யாரும் கலைக்கவில்லை. ஒரு ஞாயிறு நான் போகவில்லை, அதற்கு அடுத்த ஞாயிறு கடைக்கார அண்ணை மேசையை எடுத்துவிட்டு மாடி முழுவதும் அரிசி அடுக்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அவன் 1991 இல் திரும்பி வந்தான். இந்த இடைவெளியில் எந்த எந்த நாட்டில் இருந்தான் என்று ஒழுங்காக அறிய நான் முயன்றேன். அவன் இரண்டு ஊர்களுக்குமேல் சொல்லவில்லை. ஹவுன்ஸ்லோவில் ஓர் அறை எடுத்து, விமான நிலையத்தில் பயணப் பொதி ஏற்றும் வேலைக்குப் போனான். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் மத்தியானம் சாப்பிடுவான். மனைவி அவனுக்குப் பிடித்ததையே சமைப்பாள். மூவரும் கால்பந்து பார்ப்போம். அந்த முகாமைப் பற்றி ஒரு சொல்லும் அந்த வீட்டில் பேசப்பட்டதில்லை.

1994 ஒக்ரோபரில் ஒரு ஞாயிறு, சாப்பாட்டுக்குப் பிறகு அவனோடு பஸ் தரிப்புவரை நடந்தேன். தூறல். என்ன காரணத்தாலோ அன்று கேட்டேன். மன்னார் அண்ணையை நீதானா என்று கேட்டேன்.

அவன் நடையை நிறுத்தவில்லை.

"ஓம். கட்டளை மேல இருந்து வந்தது. ஆரையும் கொண்டு செய்விக்கலாம் எண்டுதான் இருந்தது. அந்தாள் எனக்குச் சொன்னது, தம்பி உன்ர கை நடுங்குது, வேற ஒருத்தனைச் சொல்லு எண்டு. நான் திரும்பிப் பாத்தன். பின்னால பெடியள் நிண்டவங்கள். ஒருத்தனுக்கும் சொல்ல வாய் வரேல்லை, அத்தான்."

பஸ் தரிப்பில் ஒரு வயதான அம்மா மட்டும் நின்றாள். அவளுக்குக் கேட்காத தூரத்தில் நின்றோம். அவன் என்னைப் பார்த்தான், கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு.

"அண்டைக்கு மாஸ்டர் உங்களைக் கேக்கேக்க, நீங்கள் சொல்லுவியள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான். அத்தான் சொன்னா எல்லாம் சரியாகும் எண்டு. அதுதான் வரேக்க அதைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை."

அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். நான் விளக்கினேன். நான்கு பேரை எழுதியதையும், ஊரார் பிள்ளைகளுக்கு ஒரு நீதி என் வீட்டுக்கு ஒரு நீதி என்று செய்ய முடியாமல் இருந்ததையும், அன்று எனக்கு வேறு வழி தெரியவில்லை என்பதையும் சொன்னேன். பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை சொன்ன அதே சொற்கள் அதே வரிசையில் வந்தன. அவன் கடைசிவரை கேட்டான்.

"ஓம் அத்தான். விளங்குது," என்றான்.

பஸ் வந்தது. அந்த அம்மா ஏறும்வரை காத்திருந்து ஏறினான். மேல்தட்டுக்குப் போனான். கண்ணாடி ஆவி பிடித்திருந்ததால் எந்தப் பக்கம் இருந்தான் என்று தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது மனைவி கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்பிக்கு பஸ் கிடைத்ததா என்று கேட்டாள். கிடைத்தது என்றேன்.